நாற்பத்தோரு வயதுக்கான எண்

அண்ணனுக்குப் பசி. முந்தின நாள் மதியத்திலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. அறுவைச் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் குடலைக் கழுவும் மருந்தைக் குடம் குடமாகக் குடிக்க வைத்திருந்தார்கள். கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே ஓய்ந்துபோய், உதடு வெடித்துக் கிடந்தான்.

"மூட்டை தூக்கின காலத்துலகூட இப்படிப் பசிச்சதில்ல, கணக்கு," என்றான்.

என்னை அவன் கூப்பிடுவது அப்படித்தான். அவன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனதால் நான் நிறுத்தவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். திசுக்கள் அமைந்திருக்கும் விதம் புற்றுநோய் வரும் வாய்ப்பை எப்படிக் கூட்டுகிறது, எப்படிக் குறைக்கிறது என்று சமன்பாடு எழுதுகிறேன். அதிலும் குடல்தான் என் பிழைப்பு.

அண்ணன் கல் உடைக்கும் ஆலையில், கல்லைச் சுமந்து ஓடும் பெல்ட்டைப் பார்ப்பவன். என் வேலை என்ன என்று ஒருமுறை கேட்டான். சொன்னேன். குடலின் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தாய் செல்கள். அவை பிரியப் பிரிய, புதிதாகப் பிறந்தவை மேலே தள்ளப்பட்டு நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். கெட்டுப்போன செல் மேலே இருந்தால் அதுவும் சேர்ந்து உதிரும். அடியில் கெட்டால்தான் வம்பு.

"இதுக்கா இவ்வளவு படிச்ச? எங்க பெல்ட்டும் இதேதானே. மேல கிடக்கிற இரும்புத்துண்டு தன்னால விழுந்துடும். கீழ உருளைகிட்ட மாட்டினதுதான் பெல்ட்டைக் கிழிக்கும்."

அதை நான் கருத்தரங்குகளில் என் சொந்தச் சரக்குபோலச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முந்தின வருடம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து நேராக என் அறைக்கு வந்தான். இமையில் கல்தூள். நாற்காலி அழுக்காகும் என்று உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ரத்தம் போகுது. ரெண்டு மாசமா. டாக்டர்கிட்ட காட்ட அசிங்கமா இருக்கு. உன் குடல் கணக்குல போட்டுப் பாரேன்."

கணினியில் என் கணித மாதிரி திறந்தே இருந்தது. வயது நாற்பத்தொன்று என்று கொடுத்தேன். புற்றுநோய் வாய்ப்பைக் காட்டும் கோடு கிட்டத்தட்டத் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"உன் வயசுல பத்தாயிரம் பேர்ல ஒருத்தருக்கு வந்தா பெரிசு. மூலமா இருக்கும். தண்ணி நிறைய குடி. இதுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு ஒரு நாள் கூலியை விடாத."

தலைச்சுமையை இறக்கியவன்போல நிமிர்ந்தான். "நீ சொன்னா சரி," என்று போய்விட்டான்.

அந்த எண்ணில் பிழை இல்லை. ஆனால் அது நாற்பத்தோரு வயதுக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து வகுத்த எண். அவர்களில் முக்கால்வாசிக்கு மேல் ரத்தம் போகாதவர்கள். என் எதிரில் நின்றவனுக்கு ரத்தம் போனது. அதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முதலாண்டு மாணவன் இந்தத் தப்பைச் செய்தால் சிவப்பு மையால் அடிப்பேன்.

பதினோரு மாதம் அண்ணன் தண்ணீர் குடித்தான்.

அறுவைச் சிகிச்சை டாக்டர் கட்டிலருகே வந்து கோப்பைப் புரட்டினார். "ஒரு வருஷத்துக்கு மேல ரத்தம் போயிருக்கு. ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

அண்ணி முந்திக்கொண்டாள். விடுதி ஒன்றில் துணி துவைக்கிறவள். விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். "நல்லா கேளுங்க டாக்டர். பெல்ட்டுல ஒரு நூல் பிரிஞ்சா ஆலையையே கூட்டுவாரு இந்த மனுஷன். தன் உடம்புன்னா மட்டும் வாயில கொழுக்கட்டை. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பாமல் மின்விசிறியைப் பார்த்தான்.

"யார்கிட்டயும் சொல்லல. வெக்கமா இருந்துச்சு."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

அண்ணி கையெழுத்துப் போடப் போன நேரத்தில் கேட்டேன். "ஏண்ணே பொய் சொன்ன?"

"பின்ன, உன்னைக் காட்டிக் கொடுக்கவா? என் பொண்ணை உன்னைக் காட்டித்தான் உங்கண்ணி படிக்க வெக்கிறா. எனக்கு ஒண்ணு ஆயிட்டா உன்கிட்டதான் அவ வந்து நிக்கணும். கெடுத்துடாத."

"நான் சொல்லத்தான் போறேன்."

"சொல்லு, சொல்லு. மொதல்ல வெட்டித் தைக்கட்டும். அப்புறம் ஒரு தட்டுச் சோறு. அதுக்கப்புறம் நீ என்ன வேணா சொல்லு." சிரித்தான். வெடித்த உதட்டில் ரத்தம் பொட்டு வைத்தது.

வயிற்றைத் திறந்து பார்த்தபோது புற்று கல்லீரல்வரை போயிருந்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தான். அவன் கேட்ட ஒரு தட்டுச் சோற்றை ஒருநாள்கூட முழுசாகச் சாப்பிடவில்லை. நானும் ஒவ்வொரு நாளும், இன்றைக்கு வேண்டாம், அண்ணி களைத்திருக்கிறாள் என்று தள்ளிப்போட்டேன். அவன் போன பிறகு, இப்போது வேண்டாம், துக்கத்தில் இருக்கிறாள் என்று தள்ளிப்போட்டேன். சாக்குக்கா பஞ்சம்?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் போர்வை மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு முனை அவளிடம், ஒரு முனை என்னிடம்.

"படுபாவி," என்றாள். வாரம் தவறாமல் திட்டுகிறாள். "என்கிட்டதான் வெக்கம். கூடப் பொறந்த உன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நீ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பே. பிள்ளையை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டான்." பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "நீ இருக்கே, அதான் தெம்பு."

நான் என் முனையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். அடுத்த போர்வையை எடுத்தேன்.

செய்யாத தப்புக்குச் செத்தவன் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். அண்ணிக்கு நான் தர வேண்டியது நீளமாக ஒன்றுமில்லை: அண்ணன் எங்கிட்ட சொன்னான், நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னேன். அதை இன்னும் தரவில்லை.