இருபதாவது குண்டூசி

குண்டூசியை வாயில் வைக்காதே என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதிய மகராசன் ஒரு நாள் வந்து என் வேலையைச் செய்து பார்த்திருக்க வேண்டும். ஒரு கை கட்டம் போட்ட சட்டைத் துணியைப் பிடிக்கும், மறு கை பாக்கெட்டைக் கட்டத்தோடு கட்டம் சேர்க்கும். ஊசியை எங்கே வைப்பதாம்?

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் இருந்தேன். காலையில் இருபது ஊசி கொடுப்பார்கள், மாலையில் இருபதும் திரும்ப வேண்டும்.

அன்று மத்தியானம் சூப்பர்வைசர் ரகுபதி கண்ணாடி முன் நின்றார். பக்கத்து மேஜை காந்திமதி, "நாலு முடிய வெச்சிகினு எத்தினி தபா சீவுறாரு பாருடி லூர்து" என்றாள். சிரித்துவிட்டேன். வாயிலிருந்த ஊசி உள்ளே போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் தொண்டைக்குக் கீழே சுருக்கென்றது. உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. குடலைக் கிழித்துவிடுமோ என்று பயந்து செத்தேன்.

மாலையில் பத்தொன்பதுதான் இருந்தது.

"சட்டையில மாட்டிகினு வெளிநாடு போச்சுன்னா கம்பெனி காலி! எல்லா பெட்டியும் பிரிங்க. ஊசி கெடைக்கிற வரிக்கும் ஒருத்தரும் வூட்டுக்குப் போவக் கூடாது" என்று கத்தினார் ரகுபதி.

காந்திமதிக்கு வீட்டில் நாலு மாதக் குழந்தை. பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பிரிக்காதீங்க சார். நான் முழுங்கிட்டேன்."

"நெஜமாவா? உள்ளதானே கீது?"

"ஆமா சார்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா! சட்டையில இல்ல. லாரில ஏத்துங்கப்பா!"

ஊசிக் கணக்கு நோட்டில், 'ஊசி கிடைத்தது' என்று எழுதி என் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு. ரெண்டு வாழப்பழம் துன்னு, சரியாப் பூடும்."

பயமெல்லாம் போய் ஆத்திரம் வந்தது. அவர் எழுதியதை அடித்தேன். 'ஒரு ஊசி என் வயிற்றில் இருக்கிறது. மாலை 5.40க்குச் சூப்பர்வைசரிடம் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

படித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இப்ப ஆஸ்பத்திரிக்கு வண்டிய எடுக்கச் சொல்லுங்க சார்" என்றேன்.