அழித்த ஒரு பூஜ்யம்

எங்கள் தோல்பைக் கடையின் இணையதளத்துக்கு ஆறு வருடங்களாகப் படம் போட்டவள் நான். ஒவ்வொரு படமும் ஐந்து எம்.பி. இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, அகலத்தைக் குறைத்து, சேமிப்பேன். நானூறு படத்துக்கு மூன்று நாள். சஃபீனா இல்லாவிட்டால் தாராவியில் இந்தக் கடையே ஓடாது என்று முதலாளி ஜெயினுலாப்தீன் பாய் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருவேன்.

பிறகு விஜயராணி வந்தாள். திலக் நகர்க்காரி, கம்ப்யூட்டர் படித்தவள். மேக் என்றொரு மென்பொருள் வைத்திருந்தாள். படங்களை எந்த அளவுக்குச் சுருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி, ஒரே ஒரு கட்டளை கொடுத்தாள். டீ ஆறுவதற்குள் நானூறும் முடிந்துவிட்டன.

"இத்தன வருசமா நாள வேஸ்ட் பண்ணிருக்கோம்லா" என்றார் பாய், என்னைப் பார்க்காமலே. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அவள் சாப்பிடப் போனபோது என் கம்ப்யூட்டரிலிருந்தே அந்தக் கோப்பைத் திறந்தேன். அகலம் 1200 என்றிருந்ததில் ஒரு பூஜ்யத்தை அழித்துச் சேமித்துவிட்டுக் கட்டளை கொடுத்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திரையில் வந்தது. படம் புதிதாக வந்தால்தான் அது வேலை செய்யும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்தச் சனியனும் அவள் பேச்சைத்தான் கேட்கும் போலிருக்கிறது என்று எரிச்சலோடு மூடினேன். பூஜ்யத்தைத் திரும்பப் போடவில்லை.

அடுத்த வாரம் புது மாடல் பைகள் நாற்பது வந்தன. விஜயராணி கட்டளை கொடுத்து, அப்படியே தளத்தில் ஏற்றினாள். பழைய படங்கள் பளிச்சென்று இருக்க, புதியவை மட்டும் தபால்தலை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தன. டெல்லி வியாபாரி போனில் கத்தினார். பாய் எங்கள் மேஜைக்கு எதிரிலேயே வந்து நின்றார்.

அவள் கோப்பைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். அதை யார் எப்போது மாற்றினார்கள் என்ற பட்டியலையும் திறந்தாள். என் பெயர் இருந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பட்டியலை மூடினாள்.

"என் தப்புதான் பாய். செக் பண்ணாம ஏத்திட்டேன்."

ஐந்து நிமிடத்தில் சரியும் செய்துவிட்டாள். தப்பை ஒத்துக்கொள்கிற பிள்ளைகளை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது என்று பாய் அன்று முழுக்கப் புகழ்ந்தார். வேலை தப்பியதே என்று நான் நிம்மதிப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. கெட்டிக்காரி என்ற பெயர் அவளுக்கு ஏற்கெனவே இருந்தது. நல்லவள் என்ற பெயரை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.