ஏழாம் கிரீனில் சேறு

நான்கு பேர் வரிசையாக நின்று, நீளக் கம்பில் பூட்டிய ரப்பர் பட்டையால் ஏழாம் கிரீனில், பந்துக் குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரையில், தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளத் தள்ள அது பள்ளத்துக்கே திரும்பி வந்தது. புயல் போய் மூன்று நாளாகியும் அந்த கோல்ப் மைதானத்தில் முடிந்த வேலை என்று ஒன்றும் இல்லை.

கரையில் நின்ற சூசைதாசனுக்கு அந்தப் புல்லைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. பத்தொன்பது வருஷமாக அதற்கு முடி வெட்டிவிடுகிறவர் அவர். புயலுக்கு முன்பு குழிகளில் நட்ட கொடிகளைப் பிடுங்கி அடுக்கி, பம்ப் அறையைச் சுற்றி மண்மூட்டை வைத்து, மைதானக் குளத்துத் தண்ணீரைக் கால்வாய்க்குள் இறைத்ததும் அவர்தான். அதே கால்வாய் கிருலப்பனையில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் போகிறது. வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் ஏறியபோது அவர் பம்புக்குப் பக்கத்தில் நின்றார். மனைவி பேர்ணடெற் தனியாகக் கட்டிலைத் தூக்கப் போய், சேற்றுக்குள் கிடந்த போத்தல் ஓட்டில் வலது காலைக் கிழித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் காயத்தை நல்ல தண்ணீரால் கழுவி மருந்து போடச் சொன்னார்கள். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை, கடைகளில் போத்தல் தண்ணீரும் இல்லை. காலையில் அவளுடைய பாதம் வீங்கி, தொட்டால் சுட்டது.

பத்து மணிக்கு அவள் அவருக்குப் போன் எடுத்தாள்.

"தண்ணி பவுசர் வரும் எண்டாங்க, இன்னும் வரல்ல. வாளியோட நிக்கிறன். காலை நிலத்தில வைக்க ஏலாது."

அரைநாள் லீவு கேட்டார். மேற்பார்வையாளர் சிவபாலன் கெட்ட மனிதர் அல்ல, ஆனால் காலையிலிருந்து கிளப் கமிட்டி அவரைப் போனில் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை போட்டி. சேறு காய்ந்தால் புல் செத்துவிடும் என்று நாலாவது தடவையாகச் சொல்லி, பின்னேரம் வரை பொறுக்கச் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஒரு பவுசர் உள்ளே வந்தது. தொட்டியில் மூன்று மொழியிலும் குடிநீர் என்று எழுதியிருந்தது. குளம் கலங்கிக் கிடந்ததால் கிரீனைக் கழுவ கிளப் வாடகைக்குப் பிடித்த பவுசர். சூசைதாசன் கொட்டகையில் கிடந்த வெற்றுக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மனைவியின் காலைப் பற்றிச் சொன்னார். டிரைவர் அஷ்ரப் சிவபாலனைப் பார்த்தார்.

"சேர் சொன்னாத் தாரன், அண்ணன்."

சிவபாலன் நெற்றியைத் தடவினார். "ஒராளுக்குக் குடுத்தா எல்லாரும் கேன் கொண்டு வருவினம், சூசை. இது மூண்டு கிரீனுக்கே காணாது. மிஞ்சினாப் பாப்பம்."

மிஞ்சாது என்று மூன்று பேருக்கும் தெரியும். வாக்குவாதப்பட்டால் வேலை போகும் என்பது சூசைதாசனுக்குக் கூடுதலாகத் தெரியும். கேனை வைத்துவிட்டு, பவுசர் குழாயைப் பிடித்துக்கொண்டு கிரீனில் ஏறப் போனார்.

"நில்லுங்கோ. சப்பாத்தைப் பாருங்கோ, வீட்டுச் சேறு. புல்லுக்கு நோய் பிடிச்சிரும். கழுவிப்போட்டு ஏறுங்கோ," என்று மறித்தார் சிவபாலன்.

அஷ்ரப் தண்ணீரைத் திறந்துவிட்டார். தெளிந்த தண்ணீர் பாய்ந்து, சப்பாத்து இடுக்கில் ஒட்டியிருந்த சூசைதாசனின் அடுப்படிச் சேறு கரைந்து ஓடியது. சட்டைப் பையில் போன் அடித்தது. கை ஈரம் என்று அவர் எடுக்கவில்லை.

"வலது கால்ல சேறு இன்னும் சரியாப் போகேல்லை," என்றார் சிவபாலன்.

சூசைதாசன் வலது காலை நீட்டினார்.