சாவி கேட்காதவள்

1

"சாவியைக் கொடுங்க சார்."

கதை இந்த வரியில்தான் தொடங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். கேட்கவே கூடாது என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இது ஒன்றுதான். கைமாற்று கேட்கலாம், சம்பளத்தைக் கூட்டிக் கேட்கலாம், விருந்தில் மிஞ்சியதைக்கூடக் கேட்கலாம். சாவியை மட்டும் கேட்கக் கூடாது. அவர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மா ஒரு சங்கத்தின் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவள். "சாவி கேட்டவ மேலதாண்டி முதல்ல சந்தேகம் வரும்" என்பாள். "ஒரு கரண்டி காணாமப் போகட்டும், 'அன்னைக்கு ஒருத்தி சாவி கேட்டாளே'ன்னுதான் பேச்சை ஆரம்பிப்பாங்க."

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கப் போவதில்லை. இது சொல்லிச் செய்யவைத்த சரக்கு. அம்மா வேலை பார்த்த அந்தச் சங்கத்தின் செயலாளர் போனில் கூப்பிட்டார். "இதய விழாவுல நீதாம்மா பேசணும். உங்க அம்மா கதையை எழுதிட்டு வந்து வாசி. ஒரு பக்கம் போதும். கேக்குறவங்க கண்ணு கலங்கணும், கை பாக்கெட்டுக்குப் போகணும்."

நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு பக்கம் எழுத எனக்கு அரை மணி நேரம் போதும். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது.

2

முதல் தொடக்கம்: "அன்று காலை வழக்கம்போல் எழுந்த அம்மா, நேரப்போவதை அறியாமல்—"

வேண்டாம். அவள் வழக்கம்போல் எழவில்லை. தாடை வலியில் சரியாகத் தூங்கவே இல்லை.

இரண்டாவது: "தன்னலமே அறியாத என் தாய், தன் உடம்பைப் பற்றி ஒருபோதும்—"

பச்சைப் பொய். அவளுக்குத் தன் உடம்பின் மேல் நல்ல அக்கறை இருந்தது. விடுப்புதான் இல்லை. சங்கத்தில் இலவச இதயப் பரிசோதனை முகாம் நடக்கும்போதெல்லாம் அவள் அங்கேயேதான் இருந்தாள். மேசை போட்டாள், தண்ணீர் வைத்தாள், எல்லாரும் போனபின் பஞ்சையும் காகிதக் கோப்பைகளையும் பொறுக்கினாள். அவள் கை ஒழியும்போது டாக்டர்கள் காரில் ஏறியிருப்பார்கள்.

மூன்றாவது: "சங்கத்தின் வரவேற்பறைச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டகம் இருக்கிறது."

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அதற்குள் ஓர் இயந்திரம். டிபன் பாக்ஸை விடக் கொஞ்சம் பெரிது. இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து ஒருவர் சுருண்டு விழுந்தால், அவர் மார்பில் இரண்டு வில்லைகளை ஒட்ட வேண்டும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். தேவையென்றால் மின்னதிர்ச்சி கொடுக்கும். என்ன செய்ய வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லும். படித்திருக்க வேண்டியதில்லை, காது கேட்டால் போதும். ஊரே சேர்ந்து நிதி திரட்டி வாங்கியது. கொடுத்தவர்களின் பெயர்களைக் கண்ணாடியிலேயே பொன்னெழுத்தில் பொறித்தார்கள். அதற்குப் பூட்டும் போட்டார்கள், அதற்கு முந்திய வருடம் மைக் செட் களவு போயிருந்ததால்.

(பூட்டிய பெட்டகத்தில் உயிர்காக்கும் சாமானை வைப்பதா என்று உங்களுக்குத் தோன்றுகிறது, இல்லையா? கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விலையுயர்ந்த எதையும் அவர்கள் பூட்டித்தான் வைப்பார்கள். பூட்டி வைப்பதுதான் அவர்களுடைய மரியாதை.)

சாவி, இருப்பதிலேயே பொறுப்பான ஆளிடம் இருக்க வேண்டும் என்று முடிவானது. இருப்பதிலேயே பொறுப்பானவர் செயலாளர். இதில் கிண்டல் எதுவும் இல்லை.

தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைத்தவள் அம்மா. "எல்லாரும் விரலை வெச்சுத் தம் பேரைத் தேடறாங்கடி. தேடிட்டுப் போனதும் எண்ணெய் ரேகையை நான் தொடைக்கிறேன்" என்று சிரிப்பாள்.

3

செயலாளரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வில்லனாக எழுதிவிட்டால் வேலை சுலபம். எழுதியும் பார்த்தேன்: "தொந்தியைத் தடவியபடி அவர் குரூரமாக—" அவருக்குத் தொந்தி கிடையாது. தினமும் நடக்கிறார், உப்பைக் குறைத்துவிட்டார். அவருடைய அண்ணன் பேருந்தில் இவர் தோளில் சாய்ந்தபடியே இறந்துபோனார். தூங்குகிறார் என்று நினைத்து, அண்ணனை எழுப்பாமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போயிருக்கிறார் இவர். அதன் பிறகுதான் இந்த இதய நிதி, முகாம், ஊர்வலம் எல்லாம்.

என்னைப் படிக்கவைத்ததும் அவர்தான். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். கட்டணத்தைச் சங்கம் கட்டியது. சேரும் நாளில் வரிசையில் என்கூட நின்றவர் அவர். இத்தனையும் ஒரே ஆள் செய்தது. கோபப்பட எனக்கு வசதியாக ஒரு கெட்டவனைக்கூட இந்தக் கதை கொடுக்க மாட்டேன் என்கிறது.

4

சங்கச் சுவரில் ஒரு விழிப்புணர்வுப் போஸ்டர். கோட்டுப் போட்ட ஓர் ஆண், முகம் கோணி, நெஞ்சை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். அம்மா அவருக்கு 'நெஞ்சுக்காரர்' என்று பெயர் வைத்திருந்தாள். "நெஞ்சுக்காரருக்கு இன்னைக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே நுழைவாளாம். இதை எனக்குச் சொன்னது காவலாளி அண்ணன். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் என்பதால் அவருக்கு 'லைட்டு' என்று பெயர்.

ஊர்வலத்தன்று காலை அம்மாவுக்கும் லைட்டு அண்ணனுக்கும் நடந்த பேச்சு, அவர் சொன்னபடி:

"என்னக்கா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"தாடை வலிப்பா. முதுகும் பிடிச்சிக்கிச்சு. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் கோட்டுப் போட்டவங்களுக்கு வர்றது. எனக்குப் பல்லாத்தான் இருக்கும்."

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

(நடுவில் ஒன்று. தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமில்லாத வியர்வை, மாடி ஏறினால் ஆளையே சாய்க்கிற அசதி. மாரடைப்பு இப்படியும் வரும், பெண்களுக்குப் பல நேரம் இப்படித்தான் வரும். விழா மலரில் இதை ஒரு கட்டம் கட்டிப் போடச் சொன்னேன். இடமில்லை, நன்கொடையாளர் படங்கள் இருக்கின்றன என்றார்கள். அதனால் இங்கே போடுகிறேன். கதைக்கு இடைஞ்சல்தான். இருக்கட்டும்.)

5

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் நான் அழுவேன், நீங்களும் அழுவீர்கள், செயலாளர் கேட்டது நடந்துவிடும்.

ஊர்வலம் கிளம்பியது. 'இதயம் காப்போம்' என்ற பதாகையின் ஒரு முனையைப் பிடித்தபடி செயலாளர் முன்னால் போனார். சாவி அவர் பாக்கெட்டில் இருந்தது. அம்மா வரவேற்பறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பம் கீழே விழுந்த சத்தம் கேட்டு லைட்டு அண்ணன் திரும்பினார். அம்மா பெட்டகத்துக்கு நேர் கீழே கிடந்தாள்.

அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். முகாமில் பார்த்த ஞாபகத்தில் நெஞ்சை அமுக்கினார். செயலாளருக்குப் போன் அடித்தார். அது சாவி இருந்த அதே பாக்கெட்டில் அடித்தது. ஒலிபெருக்கியில் இதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

அடுத்து வருவதுதான் என்னைத் தூங்கவிடாத வாக்கியம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"இரும்பு நாற்காலியத் தூக்கிட்டேன் பாப்பா. தலைக்கு மேல தூக்கிட்டேன். அப்புறம் வெச்சிட்டேன்."

"ஏண்ணே?"

"பேரெல்லாம் இருந்துச்சே."

"வேலை போயிடும்னு பயந்தீங்களா?"

"அதுகூடத் தோணல. உடைக்கக் கூடாதுன்னு மட்டும் தோணுச்சு." அவரே மேலும் சொன்னார்: "உங்கம்மா என்னையப் பாத்தாங்க பாப்பா. வேணாம்னு தலைய ஆட்டினாங்க."

இந்தக் கடைசி வரியை மூன்று முறை அடித்தேன், மூன்று முறை திரும்ப எழுதினேன். இதயம் நின்றவள் தலையை ஆட்ட மாட்டாள். அவர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால்தான் அவரால் ராத்திரியில் படுக்க முடியும். ஆனால் என்னைக் குத்துவது வேறு. அம்மாவுக்கு நினைவு இருந்திருந்தால் அப்படித்தான் ஆட்டியிருப்பாள். சாவி கேட்காதவள் கண்ணாடியை உடைக்க விடுவாளா?

ஊர்வலம் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம், பெட்டகம் திறந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "பிழைச்சிருப்பாங்கன்னு சொல்ல முடியாதும்மா. பிழைக்க ஒரு வாய்ப்பு இருந்துச்சு" என்றார். இந்தக் கதையிலேயே நேர்மையான வாக்கியம் அதுதான். அது என்னுடையதில்லை.

6

இப்போது முதல் வரிக்கு வருவோம். போன வாரம், செயலாளரின் அறை. எப்படியோ எழுதிக் கொடுத்திருந்த என் பக்கத்தை அவர் படித்து முடித்திருந்தார். பெட்டகம் வரும் இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடித்திருந்தார். பிழை திருத்துகிறவளுக்கே திருத்தம்.

"எழுத்து பிரமாதம்மா. ஆனா இந்தப் பூட்டு, சாவி இதெல்லாம் எதுக்கு? ஜனங்களுக்குச் சங்கத்து மேல இருக்கற நம்பிக்கை போயிடும். அப்புறம் எவன் நிதி கொடுப்பான்?"

"நடந்தது அதானே சார்."

"தெரியும்மா." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிக்கவில்லை. "அன்னையிலேர்ந்து அந்தப் பாக்கெட்டுல நான் கைய விடறதில்ல. அதுக்குத்தான் சொல்றேன், கேளு. இந்த வருஷ நிதியில இன்னொரு மிஷின் வாங்கப் போறோம். உங்கம்மா பேர்ல. மாடிக் கூடத்துல வெக்கிறோம்."

ஒரு நிமிஷம் நான் உருகிவிட்டேன். அம்மா பெயர், சுவரில்.

"எப்படி வெப்பீங்க சார்?"

"அதே மாதிரி கண்ணாடிதான். பொன்னெழுத்துல பேரு."

"பூட்டு?"

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சாவியைக் கொடுங்க சார். கீழ இருக்கற அந்தப் பூட்டையும் கழட்டிடறேன்."

"அது கமிட்டியில பேசி முடிவெடுக்கற விஷயம். எடுத்தோம் கவிழ்த்தோம்னு செய்ய முடியாது. நாளைக்கு மிஷின் காணாமப் போனா யாரக் கேக்கறது?"

"என்னையக் கேளுங்க. சாவி கேட்டவ நான்தானே."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "இப்படி எதிர்ல நின்னு கேக்கறதுக்காம்மா உன்னைப் படிக்க வெச்சோம்?"

"வேற எதுக்கு சார்?"

7

முடிவுகள். எனக்குத் தோன்றியவை எல்லாம் இங்கே இருக்கின்றன.

அ. அவர் திருத்திய பக்கத்தை வாசிக்கிறேன். கூட்டம் அழுகிறது. நிதி குவிகிறது. அம்மா பெயரில் ஒரு பெட்டகம், அதற்கு ஒரு பூட்டு. இனி அதைத் துடைக்கப்போகிறவளும் தாடை வலிக்குப் பல்லைத்தான் திட்டுவாள்.

ஆ. விழாவன்று செயலாளரே மேடையில் சாவிக்கொத்திலிருந்து அந்தச் சாவியைக் கழற்றி என் கையில் வைக்கிறார். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு முழுப் பக்கம் எழுதினேன். படித்துவிட்டு நானே அழுதேன். கிழித்துவிட்டேன். அவர் அதைச் செய்ய மாட்டார். பொறுப்பானவர்.

இ. நான் மேடையில் உண்மையைச் சொல்கிறேன். எல்லாரும் எழுந்து நின்று—

நிற்க மாட்டார்கள். "பாவம், அம்மா போன துக்கம்" என்று மைக்கை வாங்கிவிடுவார்கள்.

8

இந்தப் பகுதியை விழா நடக்கும் சங்கத்து மாடிக் கூடத்தில் உட்கார்ந்து, அவர் திருத்திய பக்கத்தின் பின்புறத்தில் எழுதுகிறேன். முன்வரிசை. 'சிறப்புப் பேச்சாளர்' என்று சீட்டு ஒட்டிய இரும்பு நாற்காலி. என்னைச் சுற்றி வயதானவர்கள். ஒருவர் மாடிப்படி ஏறிய மூச்சு இன்னும் அடங்காமல் இருக்கிறார். பெட்டகம் கீழே, வரவேற்பறையில், பூட்டோடு. சாவி மேடையில், அவர் பாக்கெட்டில்.

திரையில் அம்மாவின் படம் வந்துவிட்டது. சங்கத்து அடையாள அட்டைக்கு எடுத்தது. எதற்கோ அனுமதி கேட்பதுபோல் நிற்கிறாள்.

"அடுத்து, நம்ம சங்கத்துப் பொண்ணு பேசும்" என்கிறார் செயலாளர்.

எழுந்துவிட்டேன். நான் மேடைக்குப் போகிறேன் என்று நினைத்து எல்லாரும் காலை இழுத்துக்கொண்டு வழிவிடுகிறார்கள். நாற்காலியை மடக்கி இடது கையில் எடுத்துக்கொண்டேன். கதவுப் பக்கம் திரும்பினேன். "ஏம்மா, எங்க போற?" என்று மைக் கேட்கிறது. கைதட்டல் பாதியில் நிற்கிறது.

கதவருகே லைட்டு அண்ணன். என் கையில் இருப்பதைப் பார்த்தார். அது எந்த நாற்காலி என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லா நாற்காலியும் ஒரே மாதிரிதான்.

"பாப்பா. அதுல பேரெல்லாம் இருக்கு."

"தெரியும்ண்ணே. எங்கம்மா தொடைச்ச பேருதானே."

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். படிக்கட்டு விளக்கைப் போட்டார்.

முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியைச் சுமந்துகொண்டு நடக்க ஒரு கை போதும், அதனால்தான் இவ்வளவு தூரம் எழுத முடிந்தது. படி இறங்கிவிட்டேன். இனி இரண்டு கையும் வேண்டும்.