கோர்த்து வைத்த ஊசி

"அண்ணி, இதுல ரெண்டாவது பொத்தானைக் காணோமே" என்று, அண்ணனுக்குக் கடைசியாகப் போட்டுவிட எடுத்த நீலச் சட்டையைத் தூக்கிக் காட்டினான் கொழுந்தன்.

அவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற மனுஷன், தன் சட்டைக்குப் பொத்தான் வைக்க மட்டும் ஆறு மாதமாக நாள் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கூடத்தில் வாயை மூடிப் படுத்திருக்கிறார். நேற்று வரைக்கும் ஓயாத வாய்.

இருநூறு பள்ளிச் சீருடை. தூக்கம் வராமலிருக்க யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் விடாமல் தைத்தார். நேற்று மதியம் வேலை முடிந்ததும் சிநேகிதர்களோடு குடித்துவிட்டு, மிச்சம் பாதி பாட்டிலோடு வந்து நின்றார்.

குடித்துவிட்டு வந்தால் அவள் ஒரு பரீட்சை வைப்பாள். ஊசியில் நூல் கோர்க்க வேண்டும். கோர்த்தால் மிச்சத்தைக் குடிக்கலாம். இல்லாவிட்டால் பாட்டில் அவளுக்கு. பத்து வருஷத்தில் அவர் ஒருதரம்கூட ஜெயித்ததில்லை. ஊசியின் காதைத் தேடிக் களைத்துப்போய், "நான் நல்லாத்தான் இருக்கேன், இந்த ஊசிதான் குடிச்சிருக்கு" என்பார்.

நேற்று ஒரே தடவையில் கோர்த்துவிட்டார். கை நடுங்கவில்லை.

"பாத்தியா? ஏறவே இல்ல."

"பெரிய ஆளுதான் போங்க" என்று டம்ளரையும் அவளே கழுவிக் கொடுத்தாள். நாலு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"மாத்திரை போதையைக் குறைக்கலம்மா, மறைச்சிருச்சு" என்றார் டாக்டர். "தெளிவா இருக்கோம்னு நெனச்சு மேல மேல குடிப்பாங்க. ரெண்டும் சேர்ந்தா இதயம் தாங்காது."

அவளை யாரும் குறை சொல்லவில்லை. பரீட்சை விஷயம் யாருக்கும் தெரியாது.

"வேற சட்டை எடுக்கவா அண்ணி?"

"வேணாம், குடு." சட்டையை மடியில் வாங்கிக்கொண்டாள். "நேத்து டம்ளரை நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அவன் பொத்தான் டப்பாவைத் திறந்து, பொறுக்கி ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

ஜன்னல் திரையில் அவர் குத்தி வைத்த ஊசி நூலோடு அப்படியே இருந்தது. அதை உருவினாள்.

"அது வெள்ளை நூலாச்சே. நீலம் கோர்த்துத் தரட்டுமா?"

"இதே இருக்கட்டும்."

பொத்தானைத் தைத்து முடித்தாள். அவர் எப்போதும் நூலை நீளமாகத்தான் எடுப்பார். இன்னும் ஒரு முழம் மிச்சமிருந்தது. கொழுந்தன் கத்தரிக்கோலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. கெட்டியாக இருந்த மூன்றாவது பொத்தானின் மேலேயே, மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள்.