மணல்மேட்டு ஒருவழி

அப்பாவுக்கு சீட் பெல்ட் மாட்டி முடிப்பதற்குள் மார்சிக்கு மூச்சு வாங்கிவிட்டது. எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார் ஃப்ளோரியன். ஆனாலும் கட்டிலிலிருந்து காருக்குக் கொண்டுவருவதென்றால் லேசுப்பட்ட காரியமா?

"மெதுவா போ. ரோட்ட இப்பத்தான் தெறந்திருக்காங்க. ஓரமெல்லாம் மணலா இருக்கும்," என்றார்.

"தெரியும்பா. நீங்க பேசாம வாங்க."

இன்றோ நாளையோ என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மத்தியானத்துக்குள் தம்பி டீன் வந்துவிடுவான். அப்பாவும் அவனும் முகம் பார்த்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவன் வரும்வரை இந்த உயிர் தாங்கினால் போதும் என்பதுதான் மார்சியின் ஒரே வேண்டுதல். அதற்குள் இவர், மணல்மேட்டு ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப் போ என்று பிள்ளை மாதிரி அடம்பிடித்தார். பக்கத்தில்தானே, போய்விட்டு வந்துவிடலாம் என்று அவளும் கிளம்பிவிட்டாள்.

அந்த ரோடு ஒருவழி. காட்டுக்குள் நுழைந்து, மணல்மேடுகளின் மேலேறி, ஏரியை எட்டிப் பார்த்துவிட்டுச் சுற்றி வெளியே வரவேண்டும். பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். ஃப்ளோரியன் முப்பது வருஷம் அதைக் காவல் காத்தவர். எதிர்ப்பக்கமாக யாராவது வண்டியைத் திருப்பினால் போச்சு, ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார். அப்படித்தான் ஒருநாள் குடித்துவிட்டு எதிரே வந்த சொந்த மகனை, ஊரே வேடிக்கை பார்க்கப் போலீஸில் பிடித்துக் கொடுத்தார். டீனுக்கு லைசென்ஸ் போயிற்று, லாரி வேலை போயிற்று. அப்புறம் அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பீச் மரங்களுக்கு அடியில் காட்டுப்பூக்கள் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தன. நிழலில் இன்னும் அழுக்குப் பனி. அப்பா எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. மேட்டின் உச்சியில், ஏரி முழுசும் நீலமாய்த் தெரியும் இடத்தில், மார்சி வண்டியை நிறுத்தினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். நிறுத்தியதுமே போன் அடித்தது.

"அக்கா, வீடு பூட்டியிருக்கு. அவர்... போயிட்டாரா?" டீனின் குரல் உடைந்திருந்தது.

"இல்லடா, இருக்காரு. மணல்மேட்டு ரோட்டுல இருக்கோம். நீ அங்கயே..." லைன் துண்டித்துக்கொண்டது.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார். "வந்துட்டானா? நாம வர்றதுக்குள்ள போயிருவான்ல?"

மார்சிக்கு அப்போதுதான் உறைத்தது. பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா! ஏரி பாக்கவா வந்தீங்க? அவனுக்குப் பயந்து ஓடி வந்திருக்கீங்க! சாகப்போற நேரத்துலயும் இந்த வீம்பா?"

"வீம்பு இல்லடி." அவர் வெகுநேரம் மூச்சுக்குத் திணறினார். "அவன் மூஞ்சியப் பாத்தா என் தப்புதான்னு சொல்லணும். சொல்லணும்னுதான் இருக்கு. வாயில வரமாட்டேங்குது."

"சொல்ல வேணாம். சும்மா பாத்தா போதும். அவனுக்கு அது போதும்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. உதட்டோரம் நீலம் பாரித்தது. முன்னால் போனால் இன்னும் பாதிக்கு மேல் சுற்ற வேண்டும். வந்த வழியே இறங்கினால் கொஞ்சதூரம்தான். மார்சி யோசிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்பினாள்.

ஃப்ளோரியனின் கண் திறந்தது.

"மார்சி... எதிர்ப்பக்கம் போற."

"ஆமா, போறேன். ஃபைன் எழுதுங்க. மகனையே விடாதவராச்சே, மகளை மட்டும் விட்டுருவீங்களா?"

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரித்தார் என்றுதான் அவளுக்குப் பட்டது. அவள் அழுதுகொண்டே ஓட்டினாள். இன்னும் கொஞ்சம்பா, இன்னும் கொஞ்சம், இதோ வந்துட்டோம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். வளைவுக்கு முன்னால் திரும்பிப் பார்த்தபோது அவர் மார்பு ஏறவில்லை. மறுபடி பார்த்தாள். ஏறவேயில்லை.

வளைவு திரும்பியதும் எதிரே ஒரு பிக்கப். இருவரும் பிரேக்கை மிதித்தார்கள். டீன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடிவந்தான். தாடியெல்லாம் நரைத்துப்போயிருந்தது.

"என்னக்கா, எதிர்ல வர்ற? அப்பா பாத்தா கொன்னேபோடுவாரு!"

மார்சி வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். கதவைத் திறந்து, மணலில் மண்டி போட்டு, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"தூங்குறாரா? எழுப்பாத. அப்பா, நான் டீன். அன்னிக்கு எதிர்ல ரெண்டு குழந்தைங்களோட ஒரு வேன் வந்துச்சு. நீங்க நிறுத்தலேன்னா இடிச்சிருப்பேன். அத எத்தனையோ தடவ போன்ல சொல்லலாம்னு எடுப்பேன், வெச்சிருவேன். கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சுப்பா. வெக்கமாத்தான் இருந்துச்சு." மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தான். "கை நல்லா கதகதன்னு இருக்குக்கா. நான்கூட பயந்தே போயிட்டேன்."

ஹீட்டர் காற்று அப்பாவின் மடியில் அடித்துக்கொண்டிருந்தது. மார்சி என்ஜினை நிறுத்தவில்லை.