விசயபாலன் திரும்பிப் பார்க்கவில்லை

ஆரோக்கிய ஜெனிபருக்கு ஆண்டவர் உயரத்தைத் தாராளமாகக் கொடுத்திருந்தார். அந்த உயரத்துக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, பங்குக் கோயில் திருவிழாவோ, கிறிஸ்துமஸ் கலை நிகழ்ச்சியோ, எதுவானாலும் "நெட்டச்சி, நீ பின்னாடி போ" என்ற குரலைக் கேட்டுத்தான் அவள் வளர்ந்தாள். முன்னால் நிற்கிறவள் தாளம் தப்பினாலும் கைதட்டல் அவளுக்குத்தான் போகும். பின்னால் பிசகில்லாமல் ஆடிய ஜெனிபரைப் பெற்ற தாயே எக்கி எக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கல்யாணமாகி, கடலூர் முதுநகரில் குடித்தனம், மஞ்சக்குப்பத்து ஜவுளிக்கடையில் வேலை, ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளுக்கு டான்ஸ் வகுப்பு என்று வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்த பிறகும் அந்தக் கோபம் மட்டும் அவளுக்கு ஆறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தது. 'விசயபாலன் சரித்திரம்' என்ற பழைய இசை நாடகத்தை மறுபடியும் மேடையேற்றப் போகிறார்களாம். பின்னணிப் பாட்டெல்லாம் கிடையாது, மேடையிலேயே பாடிக்கொண்டு ஆட வேண்டும், தெரிந்தவர்கள் தேர்வுக்கு வரலாம் என்றிருந்தது. செய்தியைப் படித்த பெண்களெல்லாம் ராணி வேஷத்துக்கும் தோழி வேஷத்துக்கும் பெயர் கொடுத்தார்கள். ஜெனிபர் ராஜபார்ட்டுக்குக் கொடுத்தாள். விசயபாலன் என்கிற ராஜாவே அவள்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். மற்றவர்களுக்கு அது இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் சுற்று மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாடகத்தை இயக்குகிற ரேகா சிதம்பரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். ஜெனிபர் உள்ளே நுழைந்ததும் தலை நிமிராமலே கையைக் காட்டினார்.

"தோழி வரிசைதானம்மா? அந்தப் பக்கம் போயி பின்னாடி நில்லு."

"இல்ல மேடம். ராஜபார்ட்டு."

மண்டபத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அதில் பலமாகச் சிரித்தவன் இளவரசு. நெல்லிக்குப்பத்தில் சினிமா டான்ஸ் பள்ளி நடத்துகிறவன், பார்க்க லட்சணமானவன், அது தனக்கும் தெரிந்தவன். அவனும் ராஜபார்ட்டுக்குத்தான் வந்திருந்தான்.

"அக்கா, ராஜான்னா மீசை வேணுமே?" என்றான்.

"ஒட்டிக்கலாம் தம்பி. ஒன்னுதும் நேத்து ராத்திரி ஒட்டுனா மாதிரிதான் கீது."

சிரித்த கூட்டம் இப்போது அவள் பக்கம் சாய்ந்து சிரித்தது. ரேகா மட்டும் சிரிக்காமல், "ஆடு பாக்கலாம்" என்றார்.

ஜெனிபர் ஆடினாள். ராஜா சபைக்கு வருகிற பாட்டு. கோயில் பாடற்குழுவில் ஊறிய குரல், ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை போய் உட்கார்ந்தது. நீளமான காலை எடுத்து வைத்து அவள் நடந்தபோது, இந்த உயரம் இத்தனை நாளாக எங்கே ஒளிந்திருந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றியது. ரேகா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி அடியைப் பாடி முடித்த ஜெனிபர், லேசாகக் குனிந்து, ரேகா மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு அடியாகப் பின்னாலேயே நடந்து வெளியே போனாள்.

ரேகா கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லாம் நல்லாத்தான் பண்ணுன. போறப்ப எதுக்கு ரிவர்ஸ்லயே போற?"

ஜெனிபர் விழித்தாள். தான் அப்படிப் போனதே அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் யோசித்த பிறகுதான் புரிந்தது. திருவிழாப் பூசையில் காணிக்கைப் பவனிக்கு ஆடுகிற பிள்ளைகள் பீடத்துக்கு முதுகு காட்டக்கூடாது. பூவும் பழமும் அப்பமும் ஏந்தி ஆடிக்கொண்டே போய்ப் பீடத்தில் கொடுத்துவிட்டு, பீடத்தைப் பார்த்தபடியே பின்னடியாக நடந்து வர வேண்டும். கன்னியாஸ்திரீ அம்மா பிரம்போடு நின்று பழக்கிய பழக்கம் அது. பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து அவள் கால்களுக்கு மேடையை விட்டு இறங்க வேறு வழியே தெரியாது.

அதைச் சொன்னாள். ரேகா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சாமிக்கு முன்னாடி அது சரிம்மா. ஆனா இங்க நீதான் ராஜா. பின்னாடியே நடந்து போறவன் சேவகன். ராஜா எழுந்து போனா ஜனங்க அவன் முதுகத்தான் பாக்கணும். நீ வர்றப்ப ராஜாவா வர்ற, போறப்ப வேலக்காரியா போற." தண்ணீர் குடித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "கடைசிச் சுத்து சிதம்பரத்துல. ராணிய வுட்டுட்டு யுத்தத்துக்குப் போற காட்சிதான் குடுப்பேன். அந்தக் காட்சியில ராஜாவுக்கு வேலையே போறதுதான். ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டான்னா அவனால போவ முடியாது. இத சரி பண்ணிட்டு வா. முடியலன்னா சொல்லு, தோழியில போட்டுக்கிறேன்."

"முடியும் மேடம்" என்றாள் ஜெனிபர். சொல்லும்போதே இரண்டடி பின்னால் நடந்து, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

முதுகைக் காட்டி நடப்பதில் என்ன பிரமாதம் இருக்கிறது, ஆடு மாடுகூடச் செய்கிறதே என்று நினைக்கலாம். ஜெனிபரும் அப்படித்தான் நினைத்தாள். வீட்டில் முயன்று பார்த்தபோதுதான் விஷயம் கால் சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை என்று விளங்கியது. முதுகைக் காட்டிய மறு நொடியே கழுத்து குறுகுறுத்தது. பின்னால் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், முகம் சுளிக்கிறார்களா என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. ஜவுளிக்கடையிலும் அதே கதைதான். வாடிக்கையாளருக்கு முதுகு காட்டாதே என்று மேலாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமியார் வீட்டுப் பெரியவர்கள் முன்னாலும் அதேதான். யோசித்துப் பார்த்தால், யாருக்கும் முதுகைக் காட்டி எழுந்து போன ஞாபகமே அவளுக்கு இல்லை. அது தெரிந்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானம் ஆறியதும் வீம்பு பிறந்தது.

புருஷன் மரிய அருள் குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். பகலில் வீட்டில் இருந்தால் தூங்குவது அவன் வழக்கம். அந்தத் தூக்கத்துக்கு ஆபத்து வந்தது.

"ஏங்க, எந்திரிங்க. நான் வாசல்லேருந்து தோட்டத்துக்கு நேரா நடப்பேன். நீங்க பின்னாடி நின்னு என்னத்தயாவது சொல்லிக் கூப்புடுங்க. நான் திரும்பக் கூடாது."

"ராஜா முதுகு காட்டுனா தோத்துட்டான்னுல்ல அர்த்தம்?"

"அது எதிரிக்குக் காட்டுனா. பொண்டாட்டிக்குக் காட்டலாம்."

"அப்ப நான் ஒனக்குக் காட்டுறேன்" என்று அவன் மறுபக்கம் புரண்டு படுத்தான். அவள் போர்வையை உருவினாள்.

அருள் எழுந்தான். எழுந்த பிறகு அவனுக்கும் விளையாட்டு பிடித்துப்போனது. "ஜெனி, பால் பொங்குது" என்றான். சட்டென்று திரும்பினாள். அடுப்பில் பாலே இல்லை. "ஜெனி, ஒங்கம்மா வந்திருக்காங்க." திரும்பினாள். "ஜெனி, பொடவயில பின்னாடி கிழிஞ்சிருக்குது." திரும்பியதோடு நிற்காமல் புடவையையும் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அருள் சுவரில் சாய்ந்து சிரித்தான். அவள் சிரிக்காமல் வாசலுக்குப் போய் மறுபடி தொடங்கினாள்.

அவன் வேலைக்குப் போன நாட்களில் முதுநகர் கடைத்தெருவிலும் பழகிப் பார்த்தாள். தெரிந்தவர்கள் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், ஜெனிபர் நேராக நடந்தாள். அருளோட பொண்டாட்டிக்கு என்னாமோ தலைக்கனம் ஜாஸ்தியாயிடுச்சு என்று தெருவில் பேச்சு கிளம்பியது. ஒரு நாள் காலையில் நிஜமாகவே பால் பொங்கி வழிந்தது. அருள் தொண்டை கிழியக் கத்தினான். ஜெனிபர் முதுகை நிமிர்த்திக்கொண்டு தோட்டத்துக் கதவைத் தாண்டிப் போனாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே அருள், "இனிமே நீ ராஜாதான், தாயே. எனக்கு ஒரு டீ மட்டும் போட்டுக் குடு" என்றான்.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஜெனிபர் அருளின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாகத்தான் பஸ் ஏறி வந்திருந்தாள். ராணி வேஷத்துக்கு ஏற்கெனவே ஆள் எடுத்துவிட்டார்கள். காயத்ரி, உள்ளூர்ப் பெண், சின்ன வயதிலிருந்தே முறையாகப் பரதம் படித்தவள். ராஜபார்ட்டுக்கு வந்த எல்லோருடனும் அவள்தான் ராணியாக நின்று பாட வேண்டும். ஜெனிபரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படியே ரேகாவிடம் சொன்னாள்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. பொம்பளகூட எப்படி மேடம் ஜோடியா நிக்கிறது? எனக்கு ஃபீலிங்கே வராது. இளவரசையே போடலாமே?"

"நின்னு பாரு. வரலன்னா அவள எடுக்கல" என்றார் ரேகா.

ஆக, பந்து காயத்ரியின் கைக்குப் போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்ததே தப்போ என்று ஜெனிபருக்குள் ஒரு எண்ணம் தலை நீட்டியது. அதைத் திட்டி உட்கார வைத்தாள்.

முதலில் இளவரசு ஆடினான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆடினான். சுழன்று சுழன்று வாள் வீசினான். ராணி கெஞ்சும்போது நெஞ்சில் கை வைத்தான். வாசல்வரை போய், அங்கே நின்று, தோளுக்கு மேலாக ஒரு சோகப் பார்வை பார்த்தான். பார்வை ராணியைத் தொட்டுவிட்டு ரேகாவிடம் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். காயத்ரி அழகாக, மை கலையாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்து ஜெனிபர். கல்யாணச் சடங்கு முடிவதற்குள் எதிரி கொள்ளிடத்தைத் தாண்டிவிட்டான் என்று சேதி வருகிற இடத்திலிருந்து ஆட வேண்டும். ராஜா புறப்படுகிறான், ராணி மறிக்கிறாள். காயத்ரி சுருதி பிசகாமல் பாடினாள். ஆனால் ஜெனிபரைப் பார்த்துப் பாடவில்லை. மண்டபத்து மின்விசிறியைப் பார்த்துப் பாடினாள். ஜெனிபர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தன் வரிகளைத் தாழ்ந்த குரலில், அதட்டாமல், நெடுநாள் குடும்பம் நடத்தியவன் போலப் பாடினாள். எதிரே நின்றவளைப் பார்க்க அவளுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. மாலைகூட வாடவில்லை, அதற்குள் விட்டுவிட்டுப் போகிறான் பாவி. கையை நீட்டி, காயத்ரியின் நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். காயத்ரியின் கண் மின்விசிறியிலிருந்து இறங்கி அவள் முகத்துக்கு வந்தது. ஜெனிபர் வாசல் பக்கம் திரும்பினாள்.

நடந்தாள். ராணி பாட வேண்டிய அடி வரவில்லை. ஆர்மோனியம் அந்த அடிக்காகக் கொஞ்சம் சுற்றி வந்து பார்த்துவிட்டு நின்றுபோனது. என்னமோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று ஜெனிபருக்குத் தோன்றியது. முடியைத் தொட்டது பிடிக்கவில்லையோ? மேடம் முகம் எப்படி இருக்கிறதோ? திரும்பி ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் தோழி வேஷமாவது மிஞ்சுமே. கழுத்து தானாக அசையப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள்.

அப்போது பின்னால் சலங்கை ஓடிவரும் சத்தம் கேட்டது. பாட்டு இல்லை, நாடகத்தில் எழுதியிருந்த "நாதா"வும் இல்லை. காயத்ரியின் சொந்தக் குரல், உடைந்து, ஊர்ப் பேச்சாகவே வந்தது.

"மாமா! எங்க மாமா போற? என்ன இப்படியே வுட்டுட்டுப் போறியா? திரும்பிப் பாரு மாமா! மாமா!"

அந்தக் குரலுக்குத் திரும்பாமல் இருக்க மனுஷ ஜென்மத்தால் முடியாது. ஜெனிபருக்கு நெஞ்சு இரண்டாகப் பிளந்தது. திரும்பினால் ராஜா போக மாட்டான். ராஜா போகாவிட்டால் எதிரி உள்ளே வந்துவிடுவான். அவள் வாசல்படியைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, குழாயடி வரைக்கும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காயத்ரி துரத்திக்கொண்டே வந்துவிட்டாள். மை கன்னம் முழுக்க வழிந்திருந்தது. வந்த வேகத்தில் ஜெனிபரின் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"கூப்புடுறேன் இல்ல? அவ்ளோ கூப்புடுறேன், ஒரு தடவ திரும்பக்கூட தோணல? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

ரேகா தாழ்வாரத்துக்கு வந்து நின்றார்.

"காயத்ரி, ஃபீலிங் வந்துச்சா இல்லியா? அத சொல்லு."

காயத்ரி மூக்கை உறிஞ்சினாள்.

"இந்தாளு பேச்சையே எங்கிட்ட எடுக்காதீங்க மேடம்."

ரேகா உள்ளே திரும்பி, ராஜபார்ட்டுக்கு இனிமேல் யாரையும் கூப்பிட வேண்டாம் என்றார். ஜெனிபருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. காயத்ரி இன்னமும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள், சட்டைக் கையை மட்டும் விடவில்லை.